குடும்பத் தலைவர் சொன்னது

பொருளியலை நானாக விரும்பி எடுத்தேன் என்று சொல்வது சரியாக இராது. எழுபதுகளின் கடைசியில், கல்முனைக்கும் காரைதீவுக்கும் இடையில் கிடந்த எங்கள் ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போன பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களும் தமிழோ இஸ்லாமிய நாகரிகமோதான் படித்தார்கள். எனக்கு உயர்தரப் பரீட்சையில் பொருளியலுக்கு நல்ல பெறுபேறு வந்திருந்தது. முதலாம் வருட முடிவில் சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னபோது, அந்தப் பெறுபேற்றை வீணாக்கக் கூடாது என்று நினைத்துப் பொருளியல் என்று எழுதிக் கொடுத்தேன். யோசித்தது அவ்வளவுதான்.

பல்கலைக்கழகம் மலைநாட்டில் இருந்தது. கல்முனையில் விடியற்காலை பஸ் ஏறினால் அம்பாறை, மகியங்கனை வழியாகப் பின்னேரம் போய்ச் சேரலாம். முதல் வருடம் ஒவ்வொரு தவணைக்கும் வாப்பா கூட வந்தார். பெண்கள் விடுதி வாசலில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, டவுன் பள்ளிவாசலில் தங்கி மறுநாள் திரும்புவார். நான் போவதில் உறவுக்காரர்களுக்கு விருப்பமில்லை. மாமா, அதாவது உம்மாவின் மூத்த காக்கா, வீட்டுக்கே வந்து கேட்டார்.

"கொமருப் புள்ளய மலைக்கு அனுப்பி என்னத்தப் படிப்பிக்கப் போறீங்க மச்சான்?"

"அவளுக்கு இடம் கெடச்சிரிக்கி" என்றார் வாப்பா. "எனக்கு இடம் கெடைக்கல்ல. நான் என்னெண்டு மறிக்கிற?"

வாப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் பத்திரிகை வாசிப்பார். முதல் பக்கத்தின் மேல் மூலையில் தொடங்கி, கடைசிப் பக்கத்து விளம்பரம் வரை ஒரு வரி விடமாட்டார். வாசித்து முடித்த பத்திரிகையை மடித்து, உம்மாவிடம் கொடுப்பதில்லை. அலுமாரிக்கு மேல் வைப்பார். எங்களுக்கு ஊருக்கு மேற்கே ஆறு ஏக்கர் வயல் இருந்தது. அதைக் காரைதீவுத் தமிழ்க் குடும்பம் ஒன்று வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்கு எங்களுக்குத் தருவதாக, செய்தது. வாப்பா மேற்பார்வை பார்ப்பார். பெரிய நிலச் சொந்தக்காரரைத்தான் போடியார் என்பார்கள்; ஆறு ஏக்கர்க்காரரை அப்படி யாரும் பெரிதாக மதிப்பதில்லை. என்றாலும் வயல் செய்கிறவர் வாப்பாவைப் போடியார் என்றுதான் கூப்பிடுவார். வாப்பாவும் திரும்பிப் பார்ப்பார்.

விரிவுரைகள் தமிழில் நடந்தன. விரிவுரையாளர் ஆங்கிலப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, வசனம் வசனமாகத் தமிழில் சொல்வார். நாங்கள் எழுதிக்கொள்வோம். எங்கள் பாடப்புத்தகம் எங்கள் கையெழுத்துத்தான். கேள்வி வளையி, நிரம்பல் வளையி, எல்லை உற்பத்தி, நெகிழ்ச்சி. முதலாவது விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது உம்மா என் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாப் பக்கத்திலயும் கேள்வி கேள்வியெண்டு இரிக்கி, விடை எங்க புள்ள?" என்று கேட்டார். பொருளியலில் கேள்வி என்றால் வேறு அர்த்தம் என்று நான் விளக்கினேன். ஒருவருக்கு ஒரு பொருள் வேண்டும் என்ற ஆசையும் வேண்டும், அதை வாங்கும் சக்தியும் வேண்டும், அப்போதுதான் அது கேள்வி. "சக்தி இல்லாட்டி?" என்றார். "அது கேள்வியில்லை, வெறும் ஆசை" என்றேன். உம்மா கொப்பியை மூடித் தந்துவிட்டு மீன் வெட்டப் போனார்.

வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். யாழ்ப்பாணத்து மாணவர்கள் பாதிக்கு மேல். மாவட்ட அடிப்படையில் குறைந்த புள்ளியோடு வந்தவர்கள் என்று கிழக்கிலிருந்து போன எங்களைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ரியுட்டோரியல் வகுப்பில் நான் பதில் சொல்லும்போது மட்டும் சிலர் கொஞ்சம் கூடுதலான பொறுமையோடு கேட்பார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே கூடுதலாகப் படித்தேன்.

மூன்றாம் வருடம் விவசாயப் பொருளியலில் வாரக் குத்தகை பற்றிய விரிவுரை வந்தது. விளைச்சலில் ஒரு பங்கை நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்கிற உழவன், தன் உழைப்பை முழுமையாகப் போடமாட்டான். ஏனென்றால் மேலதிகமாக உழைத்து வருவதிலும் ஒரு பங்கு போய்விடும். கரும்பலகையில் இரண்டு வளையிகள் வரைந்து, அவை வெட்டும் இடத்துக்குக் கீழே நிழற்கோடு போட்டார் விரிவுரையாளர். அந்த நிழல்தான் போடப்படாத உழைப்பு. எனக்கு அது அழகாக இருந்தது. எங்கள் வீட்டில் இருபது வருடமாக நடந்துகொண்டிருந்த ஒரு காரியம் ஒரு சதுர அடிக்குள் அடங்கிவிட்டது. இறுதி வருட ஆய்வுக்கட்டுரைக்கு அதையே எடுப்பதென்று அன்றே தீர்மானித்தேன்.

எனக்கு மேற்பார்வையாளராகக் கிடைத்தவர் வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த இளம் விரிவுரையாளர். கண்டிப்பானவர், நேரம் தவறாதவர். முப்பத்திரண்டு குடும்பங்களைத் தெரிவு செய்து, வினாக்கொத்துத் தயாரித்து, ஆளுக்கு ஒரு படிவமாக நிரப்பி வரச் சொன்னார். படிவத்தின் தலைப்பில் அவர் சொன்னபடி தட்டச்சு செய்தேன்: பதிலளிப்பவர், குடும்பத் தலைவர். அதன் கீழே நிலச் சொந்தக்காரர் யார், நிலத்தின் அளவு, வாரத்தின் விகிதம், யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று நிரல்கள்.

மாரிப்போக அறுவடை முடிந்த நேரம் வீட்டுக்கு வந்தேன். வயசுப் பெண் தனியே வீடு வீடாகப் போக முடியாது. வாப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, நான் பக்கத்தில் நடந்தேன். என் படிவங்கள் சைக்கிளின் பின் கரியரில் கட்டியிருந்தன. வாப்பாவைத் தெரியாத வயல்காரர் அந்தப் பக்கத்தில் குறைவு. ஆண்கள் கதிரை எடுத்துப் போட்டு, வாப்பாவோடு கதைத்தபடியே என் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். பெண்கள் வேலை என்ற நிரலுக்கு வரும்போது எல்லோரும் ஒரே மாதிரிச் சிரித்தார்கள். "பொம்புளயளுக்கு வயலுக்குள்ள என்ன வேல?" நான் பூச்சியம் போட்டேன். ஒரு நாளில் நாலைந்து படிவம் முடிந்தது.

ஏழாவதாக எங்கள் வயலைச் செய்கிறவர் வீடு. காரைதீவில், கடற்கரைப் பக்கமாக, தென்னங்கிடுகு வேலி போட்ட வளவு. அவருக்கு நாற்பது வயதிருக்கும். வாப்பா வருகிறார் என்று சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். வாப்பாவும் அவரும் முற்றத்தில் இருந்து வாய்க்கால் தண்ணீரைப் பற்றிக் கதைத்தார்கள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. பெண்கள் வேலை, பூச்சியம். எழுதி முடித்தபின், வீட்டுக்காரி தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிறார் என்று குசினிப் பக்கம் போனேன்.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். சிறு வயதிலிருந்து எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். அறுவடைக்குப் பிறகு எங்கள் பங்கு நெல் மாட்டு வண்டியில் வீட்டுக்கு வரும். அப்போது அவர் சுளகோடு வந்து, நெல்லைக் காயவைத்து, புடைத்து, ஒரு பகுதியை அவித்துத் தருவார். நோன்பு மாதத்துக்கு முன்னால் வந்து மா இடிப்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். முப்பத்தைந்துக்கு மேல் போயிராத, வேகமாகக் கதைக்கிற மனுசி.

"என்ன தங்கச்சி எழுதிற?" என்றார், தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடி.

"வயல் வேலையப் பத்தி. ஆரு எத்தின நாள் வேல செய்யிறயெண்டு."

"என்ட பேரும் இரிக்கா?"

"பேரு எழுதிறல்ல அக்கா. பொம்புளயள் வேல ஒரு நாளும் இல்லயெண்டு அண்ணன் சொன்னாரு."

அவர் முற்றத்தை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "ஒரு நாளும் இல்லயா? புல்லுப் புடுங்கினது ஆரு? வெட்டுக்கு வந்த ஆக்களுக்கு வயல் வாடிக்குள்ள நிண்டு சோறாக்கினது ஆரு? அதுக்குப் பிறகு உங்கட ஊட்ட வந்து பதினெட்டு நாள் நெல்லுக் காயப் போட்டன், அவிச்சன். அது வேலயில்லாம வெளயாட்டா?"

"எங்கட ஊட்டு வேலைக்கு உம்மா கூலி தாறதானே?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் சொன்னது விளங்காத மாதிரி இருந்தது. "கூலியா? வயல் தந்திருக்கிறாங்க. அதுக்குத்தானே வாற."

திரும்பி நடக்கும்போது கரியரில் ஏழாம் இலக்கப் படிவம் இருந்தது. அதில் பூச்சியமும் அப்படியே இருந்தது. பதினெட்டு நாளை எந்த நிரலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அது வயல் வேலையுமில்லை, கூலி வேலையுமில்லை. பத்து வருடத்துக்கு மேலாக என் கண்முன்னால் நடந்த அந்த வேலைக்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

தவணை தொடங்கியதும் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் படிவங்களைப் புரட்டினார்.

"முப்பத்திரண்டு பேரும் பெண்கள் வேலை இல்லையென்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண் வேறு மாதிரிச் சொல்கிறார். நீங்கள் எதை நம்புவீர்கள்?"

"மற்ற முப்பத்தொரு பெண்களையும் நான் கேட்கவில்லை, சேர்."

"குடும்பத் தலைவர் சொல்வதுதான் தரவு. அப்படித்தான் எல்லா இடத்திலும் செய்கிறார்கள்."

"திரும்பக் கேட்கலாமா?"

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். கட்டுரை கொடுக்கும் திகதியை நினைவூட்டினார். பிறகு, "உங்கள் நேரம், உங்கள் பொறுப்பு" என்றார். தடுக்கவில்லை, உற்சாகப்படுத்தவுமில்லை.

அடுத்த விடுமுறையில் மறுபடியும் படிவங்களைக் கரியரில் கட்டினேன். வாப்பா சைக்கிளின் காற்றைப் பார்த்தபடி, "போன தரம் கேட்டதத்தானே திரும்பக் கேக்கப் போறாய்?" என்றார்.

"இந்தத் தரம் பொம்புளயளிட்ட, வாப்பா."

"அப்ப நான் என்னத்துக்கு?"

"ஆம்புளயளோட கதச்சிக்கிட்டு இருங்க."

அவர் அதைத்தான் செய்தார். நான் பின்பக்கமாகப் போய், குசினியிலும் கிணற்றடியிலும் இருந்து எழுதினேன். எங்கள் ஊர்ப் பெண்கள் வயலுக்குப் போவது குறைவு, ஆனால் நெல் வீட்டுக்கு வந்தபிறகு எல்லாம் அவர்கள் கையில். காரைதீவுப் பெண்கள் இரண்டு இடத்திலும் வேலை செய்தார்கள். முதலில் எல்லோரும் "என்னத்தச் சொல்ற" என்று சிரித்தார்கள். நாள் கணக்குக் கேட்டால் தெரியாது என்றார்கள். கலண்டரை விட்டுவிட்டுப் பெருநாளையும், கோயில் திருவிழாவையும், பிள்ளை பிறந்த கிழமையையும் வைத்துக் கேட்டபோது நாட்கள் துல்லியமாக வந்தன. ஒரு வீட்டில் புருஷன் குசினி வாசலுக்கே வந்து, "படிச்ச புள்ளயெண்டு மதிச்சி உட்டா, ஊட்டு வெவகாரமெல்லாம் கிண்டுறா" என்றார். மனைவி சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. வாப்பா அவரைத் தோளில் கைபோட்டு முற்றத்துக்குக் கூட்டிப் போனது எனக்குக் கேட்டது.

கடைசியாக எங்கள் வயல்காரர் வீடு. அந்தப் படிவத்தை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் முப்பத்தொன்றாகிவிடும், அவ்வளவுதான், யாரும் காரணம் கேட்கப் போவதில்லை. ஆனால் இவ்வளவு தூரமும் போனதற்குக் காரணமே அந்தப் படிவம்தான். போய் எழுதிக்கொண்டு வந்தேன். கட்டுரையில் பதில்களை இரண்டு அட்டவணையாகப் போட்டேன். முதலாவதில் குடும்பத் தலைவர்கள் சொன்னது. இரண்டாவதில் அவர்களின் மனைவிமார் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாரக் குத்தகையில் உழைப்பு குறைவாகப் போடப்படுகிறது என்ற முடிவு நிற்கவில்லை. போடப்பட்ட உழைப்பில் ஒரு பகுதி குடும்பத் தலைவர்களின் வாயிலிருந்து வராமல் இருந்தது என்றுதான் சொல்ல முடிந்தது. கரும்பலகையில் பார்த்த நிழலை என் கட்டுரையில் எங்கே போடுவது என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. படம் போடாமலே கட்டுரையைக் கொடுத்தேன்.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வாப்பா அதைப் பத்திரிகை போலவே வாசித்தார். அட்டையில் தொடங்கினார். காலையில் ஒரு மணித்தியாலம், அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம். விளங்காத சொல்லுக்கு என்னைக் கூப்பிடுவார். நாலாவது நாள் அட்டவணைக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த ஏழாம் நம்பர் ஆரு?"

"அது சொல்லப்போடாது வாப்பா. ஆராய்ச்சியில பேரு சொல்றல்ல."

"ஆறு ஏக்கர். காரைதீவு. நம்மட வயல்காரன்தானே?"

அவர் விரலை அந்த வரியில் நகர்த்தினார்.

"அவன்ட பொஞ்சாதி நம்மட ஊட்டு வேலைக்குக் கூலி வாங்கிறல்லயா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"நான் கேக்கல்லயே. அது உள்ளுக்க நடக்கிற வேல." விரலை வரியிலிருந்து எடுத்தார். "நீ பொய் எழுதல்லதானே?"

"இல்ல வாப்பா."

"அப்ப சரி" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அப்போது பின்னால் நின்ற உம்மா கேட்டார்.

"சொந்தக்காரர் எண்டு ஆர்ர பேரு போட்டிரிக்கி?"

"பேரு போடல்ல உம்மா. ஆம்புளயா பொம்புளயா எண்டு மட்டும்தான். ஆம்புள எண்டு போட்டிரிக்கி."

"வயல் என்ட" என்றார் உம்மா. "என்ட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த. காணி உறுதியில என்ட பேருதான் இரிக்கி. பொம்புளயளிட்டக் கேட்டெண்டு சொன்னாய். என்னட்ட ஆரும் கேக்கல்லயே."

வாப்பா என்னைப் பார்த்தார். நான் வாப்பாவைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குப் போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் குடியிருந்த வீடே உம்மாவுடையது. ஆனால் வயல் என்றவுடன் வாப்பாவின் பேர்தான் என் மனதில் வந்தது. வயல்காரர்களிடம் சொந்தக்காரர் யார் என்று கேட்டபோதும், அவர்கள் போடியாரின் பேரைத்தான் சொன்னார்கள். உம்மா அங்கேயே உட்கார்ந்து விரல் மடக்கத் தொடங்கினார். இன்னார் செய்கிற வயல் அவர் மாமியாருடையது, இன்னாரது தங்கைக்குக் கொடுத்தது. என் பட்டியலில் ஆண் என்று இருந்ததில் பாதிக்குக் கிட்ட, உறுதியில் வேறு பேர்.

"நானும் அவக்குக் கூலி குடுக்காம விட்டவதான்" என்று முடித்தார் உம்மா. "அதயும் எழுது."

கட்டுரை கொடுத்தாகிவிட்டது. எழுத வழியில்லை.

வாப்பா அடுத்த நாளே வயல்காரரைக் கூப்பிட்டு, இனிமேல் மனைவியை வீட்டு வேலைக்கு அனுப்பத் தேவையில்லை, கூலிக்கு ஆள் பிடிப்போம் என்று சொல்லிவிட்டார். தன் பக்கத்தால் அது நீதி என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் ஆராய்ச்சியால் ஒரு காரியம் நடந்திருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

மூன்றாம் நாள் பகல், அந்த அக்கா வந்தார். வழக்கமாகப் பின் வாசலால் வருகிறவர், முன் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நான் உங்களுக்கு என்ன செஞ்சன்?" என்று என்னைக் கேட்டார். "கேட்டீங்க, உள்ளதச் சொன்னன். அதுக்கு வரவேணாமெண்டு சொல்லிப்போட்டாங்க. போடியாருக்கு முன்னால மானத்த வாங்கிப்போட்டயெண்டு அவரு என்னோட ரெண்டு நாளாக் கதைக்கிறல்ல."

"கூலியில்லாம வேல செய்யவேணாமெண்டுதான் அக்கா..."

"கூலி வாங்கினா நான் கூலிக்காரி. இந்த வருசம் கூப்பிடுவாங்க, அடுத்த வருசம் வேற ஆளக் கூப்பிடுவாங்க. சின்னவளுக்கு வலிப்பு வந்த நேரம் உங்கட வாப்பா காரு புடிச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டு போன. நான் இந்த ஊட்டுல வேல செய்யிற எண்டபடியாத்தான் வந்து கதவத் தட்டின. இனி என்னத்தச் சொல்லி வந்து நிக்கிற?"

உம்மா வந்து அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். இரண்டு பேரும் குசினியில் நெடுநேரம் கதைத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. பிறகு தெரிந்தது, அவர் வழமைபோல வருவார், ஆனால் அவித்த நெல்லில் ஒரு பங்கு அவருக்கு என்று பேசி முடித்திருக்கிறார்கள். கூலி என்ற சொல்லை இரண்டு பேரும் பாவிக்கவில்லை என்று உம்மா சொன்னார். வாப்பாவிடம் முடிந்தபிறகுதான் அறிவித்தார்கள்.

வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்திருந்தார். வயதானவர். மேற்பார்வையாளர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். முதல் சில கேள்விகள் எளிமையானவை. பிறகு அவர் இரண்டாவது அட்டவணையைத் திறந்தார்.

"இந்தப் பெண்களுக்கு நிலச் சொந்தக்காரர் வீட்டு வேலைக்குக் கூலி இல்லையென்றால், ஏன் செய்கிறார்கள்?"

"நாளைக்கு ஒரு தேவையென்றால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு, சேர்."

"கட்டுரையில் அது எங்கே இருக்கிறது?"

"இல்லை, சேர். கொடுத்த பிறகுதான் எனக்கே தெரிய வந்தது."

அவர் கடதாசியில் ஏதோ குறித்தார். "நிலச் சொந்தக்காரர் நிரலில் எல்லோரும் ஆண்கள். உங்கள் பக்கத்தில் அப்படித்தானா?"

"அது பிழை, சேர். ஒன்று நிச்சயமாகப் பிழை. அது என் உம்மாவின் வயல். இன்னும் பலவும் பிழையாக இருக்கலாம்."

மேற்பார்வையாளர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பரீட்சகர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "அப்படியென்றால் உங்கள் கட்டுரை பிழை என்று நீங்களே சொல்கிறீர்கள்?"

"ஓம், சேர். அந்த நிரல் பிழை."

எனக்கு இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு கிடைத்தது. மேற்பிரிவுக்குக் கொஞ்சப் புள்ளிதான் குறைவு என்று பின்னர் கேள்விப்பட்டேன். கட்டுரையில் இழந்ததா, கணிதப் பொருளியலில் இழந்ததா என்று யாரும் சொல்லவில்லை. மேற்பிரிவு வந்திருந்தால் உதவி விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கலாம். அப்போது அதற்காக அழுதேன். ஒரு கிழமை அழுதிருப்பேன். பிறகு பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஒன்றரை வருடம் கழித்து நியமனம் வந்தது. ஊரிலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் ஒரு பாடசாலை, உயர்தர வகுப்புக்குப் பொருளியல்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊருக்கும் காரைதீவுக்கும் இடையில் முஸ்லிம்-தமிழ்க் கலவரம் வந்தது. இரண்டு பக்கத்திலும் வீடுகள் எரிந்தன. பல கிழமைகள் அந்தப் பாதையால் யாரும் போகவில்லை. வயலில் நின்ற வெள்ளாமையை யார் வெட்டினார்கள் என்று தெரியவில்லை. நிலைமை கொஞ்சம் தணிந்தபிறகு வாப்பா ஆள் அனுப்பி விசாரித்தார். வயல்காரர் குடும்பம் திருக்கோவில் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது என்று தகவல் வந்தது. இனித் திரும்பி வருவது கஷ்டம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த போகத்துக்கு எங்கள் ஊர் ஆள் ஒருவருக்கு வயலைக் குத்தகைக்குக் கொடுத்தோம். அந்த ஆள் ஒப்பந்தக் கடதாசியைக் கொண்டுவந்து வாப்பாவிடம் நீட்டினார். வாப்பா அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். பிறகு பேனையையும் கடதாசியையும் உம்மாவிடம் கொடுத்தார். உம்மா கையெழுத்து வைத்தார். அந்த ஆளுக்கு அது வினோதமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த அக்காவை அதற்குப் பிறகு நான் காணவில்லை. எண்பதுகள் முடியும் நேரம், திருக்கோவிலிலிருந்து மரக்கறி கொண்டு வருகிற ஒரு மனுசியிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: சின்ன மகளுக்குக் கலியாணம், ராத்தாவுக்குச் சொல்லாமல் செய்ய மனமில்லை. உம்மாவைத்தான் அவர் ராத்தா என்று கூப்பிடுவார். பாதையில் அப்போது இராணுவச் சோதனை, இடையில் ஹர்த்தால். நாங்கள் போகவில்லை. உம்மா கல்முனைக் கடைத்தெருவுக்குப் போய், கடைக்காரர் எடுத்துப் போட்டதையெல்லாம் தள்ளிவிட்டு, ஒரு மணித்தியாலம் தேடி ஒரு சிவப்புச் சாரி வாங்கினார். அந்த மனுசியிடமே கொடுத்தனுப்பினோம். போய்ச் சேர்ந்தது என்று மறுகிழமை பதில் வந்தது.